விலை கேட்காத பெட்டி

நான் வசிக்கும் இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெருமுனைக் கம்பத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கட்டி வைத்திருப்பார்கள். உள்ளே செய்தித்தாள்கள், பக்கத்தில் காசு போட ஒரு துளை. பூட்டு கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. மூடியைத் தூக்கி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனாலும் நாயோடு நடக்க வரும் முதியவர் கையுறையைக் கழற்றி, பையைத் துழாவி, காசைப் போட்ட பிறகுதான் தாளை எடுக்கிறார். இதை ‘ஷ்டும்மர் ஃபெர்கொய்ஃபர்’ என்கிறார்கள். ஊமை வியாபாரி என்று பொருள். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் என் கணவர் ஜெபசிங் இதை நின்று பார்த்துவிட்டு, “நம்ம ஊர்ல வச்சா பேப்பரும் இருக்காது, பெட்டியும் இருக்காது, அந்தக் கம்பமும் இருக்காது” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். முதியவர் திரும்பிப் பார்த்து, எங்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். எதற்குச் சிரித்தோம் என்று அவருக்குத் தெரியாது. அன்று மாலைதான் எட்வின் எங்கள் வீட்டுக்கு வேறொரு பெட்டியோடு வந்தான்.

எட்வினுக்கு ஊர் அஞ்சுகிராமம். பக்கத்து நகரத்தில் ஒரு கிடங்கில் வேலை. ஜெபசிங்கை அண்ணே என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுவான். இந்தப் பகுதியில் புதிதாக வந்து இறங்கும் தமிழர் யாராக இருந்தாலும் அவர்களுக்கு முதலில் வீடு பார்த்துத் தருவது அவன்தான். எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானபோது, தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து என்னை மருத்துவமனையில் சேர்த்தவனும் அவன்தான். நான் வேலை செய்யும் அதே மருத்துவமனை. என் மகள் அனிஷா பிறந்ததும் அவளை வாங்கி வைத்திருந்த முதல் ஊர்க்காரக் கை அவனுடையது.

அவன் கொண்டுவந்த பெட்டி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். டிவியில் சொருகி, வீட்டு இணையத்தோடு இணைத்தான். திரை முழுக்கத் தமிழ் நிறைந்தது. ஊர்ச் செய்தி, சீரியல், நேற்று வெளியான படம், நாளை வெளியாகப்போகும் படம்கூட. “பெட்டிக்கு உள்ள வெலைய மட்டும் தாங்க மைனி. மாசக் காசு ஒண்ணும் கெடையாது. ஒரு எளவும் கேக்காது, போட்டாப் பாடும்” என்றான்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம். நல்ல சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எதற்குத் திருட்டுப் படம் என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் முதலில் முறையாகத்தான் முயன்றோம். ஊரில் கட்டணம் கட்டியிருந்த செயலி இங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டது. இங்கே கட்டணம் கட்டிய செயலியில் தேடினால், நீங்கள் இருக்கும் நாட்டில் இந்தப் படம் கிடைக்காது என்று வரும். தமிழ்ப் படம் திரையிடும் அரங்கு ரயிலில் வெகுதூரம். என்றைக்கோ ஒரு நாள் ஒரே ஒரு காட்சி, அதுவும் நான் பணியில் இருக்கும் நேரத்தில். பணம் கையில் இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. அந்தப் பெட்டி வந்த பிறகுதான் அனிஷா தமிழ் பேசத் தொடங்கினாள். அதில் வந்த நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துத்தான் கோபப்படவும் கெஞ்சவும் கற்றுக்கொண்டாள். அதை எப்படித் திருட்டு என்று நினைக்க முடியும்?

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்களுக்குள் முன்பே இருந்தது. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நான் படித்த காலத்தில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் கேபிள்காரர் புதுப்படம் போடுவார். சாயந்திரம் ஜீப்பில் அறிவிப்பு வேறு செய்வார். அரசுப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா அந்தப் படத்துக்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வருவார். திரையின் அடியில் யாரோ தியேட்டரில் எழுந்து போகும் தலை தெரியும், யாரோ இருமுவார்கள். அந்த இருமலுக்கும் சேர்த்து நாங்கள் சிரித்தோம். அப்பா ஒரு நாளும் பேருந்தில் ஓசிப் பயணம் செய்ய யாரையும் விட்டதில்லை. சொந்தத் தங்கையைக்கூடக் கண்டக்டரிடம் டிக்கெட் எடுக்கச் சொன்னவர். ஆனால் படம் என்பது அவருக்கு மழை மாதிரி, வானத்திலிருந்து விழுவது. படத்தை எடுத்தவன், விளக்குப் பிடித்தவன், கடன்பட்டவன் எவனுடைய முகமும் எங்களுக்குத் தெரியாது. முகம் தெரியாதவனிடமிருந்து எடுப்பது எடுப்பதாகவே தோன்றாது. அதே கணக்கு எங்களுக்கும் பொருந்தும் என்று, எங்கள் முகமும் எவனோ ஒருவனுக்குத் தெரியாது என்று, அப்போது நான் யோசித்ததில்லை.

பெட்டியில் ஒரு சிறிய நீல விளக்கு உண்டு. டிவியை அணைத்த பிறகும் அது துடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்து தொட்டாலும் பெட்டி சுடும். எட்வினிடம் கேட்டபோது, “அது அப்டேட் ஆவுது மைனி” என்றான். அவனும் அப்படித்தான் நம்பினான்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு நாள், காலைப் பணிக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தேன். படிக்கட்டு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். சீருடையில் சிலர், சாதாரண உடையில் சிலர். முன்னால் நின்ற பெண் அதிகாரி என் பெயரைப் பிசகாமல் உச்சரித்தார். என் பெயரை முதல் தடவையிலேயே சரியாகச் சொன்ன முதல் ஜெர்மானியர் அவர்தான். அந்தக் கணத்தில் எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வேறொரு நகரத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கு, குண்டு வைத்திருப்பதாக மிரட்டல் மின்னஞ்சல் போயிருக்கிறது. அது எங்கள் வீட்டு இணையத்திலிருந்து போனது என்றார்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டினார்கள். எனக்கு அதில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. ஜெபசிங் பல் துலக்கிய நுரையோடு நின்றார். அனிஷா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஒருவர் தன் தலையணையைத் தூக்கிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

அந்த அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வியில் ‘அன்ஷ்லுஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. இந்த அன்ஷ்லுஸை யார் பயன்படுத்துகிறீர்கள் என்றார். மருத்துவமனையில் பேசும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியும். ஆனால் அந்த நேரத்தில், ரயில் நிலையத்தில் அறிவிப்பார்களே, அடுத்து மாறி ஏற வேண்டிய இணைப்பு வண்டி, அந்த அன்ஷ்லுஸ் மட்டும்தான் என் தலையில் வந்தது. “என் கணவர் மட்டும்தான். தினமும். நான் பயன்படுத்துவதில்லை” என்றேன். நான் பேருந்தில் போகிறவள், அவர்தான் ரயிலில் போகிறவர். அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டார். வீட்டு இணைய இணைப்புக்கும் அதே சொல்தான் என்று எனக்கு உறைத்தபோது அவர்கள் மடிக்கணினியையும், எங்கள் போன்களையும், அனிஷாவின் டேப்லெட்டையும் உறைகளில் போட்டு ஒட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். என் வாயாலேயே ஜெபசிங்கைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டேன். பிறகு போய் விளக்கிச் சொன்னேன். புரிகிறது என்றார்கள். புரிந்துகொண்ட முகமாக இல்லை.

டிவியையும் அதன் பின்னால் இருந்த பெட்டியையும் யாரும் தொடவில்லை.

கீழ்வீட்டுக்காரம்மா ஃப்ராவ் கெல்லர், அனிஷாவுக்கு ஆப்பிள் கேக் கொண்டு வந்து கொடுப்பவர், படியில் என்னைக் கண்டால் அஞ்சல் பெட்டியில் எதையோ தேடத் தொடங்கினார். அனிஷாவை அழைத்திருந்த ஒரு பிறந்தநாள் விழா தள்ளிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். மறுவாரம் அவள் வகுப்பில் எல்லோரும் அந்த விழாவைப் பற்றிப் பேசினார்களாம். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் முடிவாகாமல் அலுவலகத்தில் இருந்தது. ஜெபசிங் சாப்பிடுவதைக் குறைத்தார். போன் இல்லை, கணினி இல்லை. பேசவும் எதுவும் இல்லை. மாலையானால் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்து எட்வினின் பெட்டியைப் போட்டுத் தமிழ் கேட்டோம். அந்த நாட்களில் எங்களுக்கு ஆறுதலாக இருந்த ஒரே பொருள் அதுதான். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஏனென்றால், அப்படி நாங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் இரண்டாவது மிரட்டல் போனது. அதே பள்ளிக்கு, அதே எங்கள் இணைப்பிலிருந்து.

அந்தப் பெண் அதிகாரி இந்த முறை ஒரு தொழில்நுட்பக்காரரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். உங்கள் கருவிகள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன, பிறகு எப்படிப் போனது என்று கேட்டபடியே அறையைச் சுற்றிப் பார்த்தார். டிவிக்குப் பின்னால் துடித்த நீல விளக்கில் அவர் கண் நின்றது. “இது என்ன?” என்றார். தொழில்நுட்பக்காரர் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, அதிகாரியிடம் மெல்ல ஏதோ சொன்னார். பிறகு அதிகாரி எங்களுக்குப் புரியும்படி நிதானமாக விளக்கினார். இந்த மாதிரிப் பெட்டிகள் படத்தை உள்ளே கொண்டுவருவதோடு நிற்பதில்லை. உலகத்தில் எங்கோ இருக்கும் அந்நியர்களுக்கு உங்கள் வீட்டு இணைப்பை வாடகைக்கு விடுகின்றன. அவர்கள் உங்கள் வீட்டு வாசல் வழியாக வெளியே போய் எதையும் செய்யலாம். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது நீங்கள்தான். “ஆய்வில்தான் உறுதியாகும். அதுவரை சந்தேகம் உங்கள் கணவர் மேல்தான் இருக்கும்” என்றார். “இதை யார் கொடுத்தது?”

“ஃப்ளோமார்க்ட்” என்றார் ஜெபசிங். பழைய பொருள் சந்தையில் வாங்கினோம் என்று.

அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “கொடுத்தவர் வேறு வீடுகளுக்கும் கொடுத்திருப்பார். அந்த வீடுகளிலும் குழந்தைகள் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நானும் ஜெபசிங்கும் குரலை உயர்த்தாமல் சண்டை போட்டோம். சத்தம் கீழே கேட்கக் கூடாது.

“அவன் இல்லேன்னா நம்ம பிள்ள ரோட்டுல பெறந்திருக்கும். அவன் பேரச் சொன்னா விசாவப் புடுங்கி அனுப்பிருவான். நீ சொல்லுவியா?”

“உங்கள உள்ள பிடிச்சுப் போட்டா நான் என்ன செய்யட்டும்? இன்னும் எத்தன வீட்டுல இது ஓடிட்டுக் கெடக்குன்னு நினைச்சியளா?”

“அவனுக்கே தெரியாதுட்டி.”

“தெரியாதுன்னு எனக்குந் தெரியும். அதைப் போய் அவன் சொல்லட்டும்.”

மறுநாள் பணி இடைவேளையில், புதிதாக வாங்கியிருந்த மலிவான போனிலிருந்து எட்வினைக் கூப்பிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.  அவன் குரல் உடைந்து வந்தது.

“மைனி, நான் காசுக்கா செய்தேன்? கடைக்காரன் தந்தான், நான் நம்ம ஆளுவளுக்குத் தந்தேன். எல்லாரும் சந்தோசமாத்தானே பாத்தாங்க.”

“உன்ன ஆரும் குத்தம் சொல்லேல எட்வின். நீயே போய்ச் சொல்லு. எல்லா வீட்டுலயும் பெட்டியக் கழட்டச் சொல்லு.”

“போனா என்ன அனுப்பிருவான் மைனி. வீட்டு லோனு கெடக்கு. கழட்டச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்ல?”

“அப்ப நாளைக்கு நான் சொல்லப் போறேன். உன்கிட்ட சொல்லாம சொல்லப்பிடாதுன்னுதான் விளிச்சேன்.”

“சொல்லுங்க மைனி” என்றான். அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

நான் சொன்னேன். காவல் நிலையத்தில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் தேடிப் போனபோது அவன் அறை காலியாக இருந்தது. ஊருக்குப் போய்விட்டான்.

சில வீடுகளில் பெட்டியைக் கழற்றினார்கள். சில வீடுகளில் கழற்றாமல், நான் காவல்துறையின் ஆள் என்று பேசிக்கொண்டார்கள். டிசம்பரில் தமிழ்க் குடும்பங்கள் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கீதம் பாடி வருவது வழக்கம். எங்கள் தெருவில் அடுத்த கட்டிடம் வரை வந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் பாட்டைக் கேட்டேன். அனிஷா சாக்லேட் தட்டோடு கதவருகில் காத்திருந்தாள். பாட்டு நெருங்கியது, பிறகு தேய்ந்துபோனது. ஜெபசிங் வந்து அவள் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தார். அன்றைக்கும் ஃப்ராவ் கெல்லர் எங்களோடு பேசவில்லை. ஜெர்மானியர்களுக்கு நாங்கள் மிரட்டல் விட்டவர்கள், தமிழர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள்.

வசந்த காலத்தில் ஆய்வு முடிந்து, வழக்கைக் கைவிட்டதாகத் தெரிவித்தார்கள். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. கருவிகள் உறையோடு திரும்பி வந்தன. அனிஷா தன் டேப்லெட்டைத் தொட மறுத்துவிட்டாள். “அதுக்குள்ள அவங்க இருப்பாங்களா அம்மா?” என்று கேட்டாள். போலீசைச் சொல்கிறாளா, அந்த அந்நியர்களைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனேன், தனியாக. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு இடது பக்கம் வராது. அம்மா இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். வயல் காற்று வரட்டும் என்று வாசலைத் திறந்தே போட்டிருப்பார் அப்பா. உள்ளே நுழைந்ததும் டிவிக்குப் பின்னால் நீல விளக்கு துடிப்பதைப் பார்த்தேன். பையைக் கீழே வைக்காமல் போய் அதன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

“என்ன மக்ளே? என்னத்துக்குப் பிடுங்குத?”

“இத ஆரு தந்தா?”

“நம்ம எட்வினாக்கும். உன்னத் தெரியும்னு சொல்லி லீவுக்கு வந்தப்போ கொண்டுவந்து மாட்டித் தந்தான். நல்ல பய.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளி, போலீஸ், அனிஷாவின் தலையணை. அப்பா கவனமாகக் கேட்டார். கண் கலங்கினார். கடைசியில், “அது ஜெர்மனியில உள்ள காரியம் மக்ளே. இஞ்ச ஆரு வரப்போறா?” என்றார். முறையான செயலிகளை என் பணத்தில் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் எண் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, ஆங்கிலத்தில் அறிவுரை சொன்னது. வலது கையின் நடுங்கும் விரலால் அவர் ஒரு எழுத்தை அழுத்துவதற்குள் அது இன்னொன்றுக்குத் தாவியது. அவருக்குப் பிடித்த பழைய படம் எதிலும் இல்லை. ரிமோட்டை என் கையில் தந்துவிட்டு, அணைந்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. அப்பா எனக்குத் தெரியாமல் கூப்பிட்டிருக்கிறார். எட்வின் மெலிந்து போயிருந்தான். என்னைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டான்.

“மைனி இருக்கியன்னு மாமா சொல்லேல.”

“உள்ள வா எட்வின்.”

வந்தான், உட்காரவில்லை. அனிஷா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்று பொய் சொன்னேன். “நான் சொன்னதுல உனக்குக் கோவம் உண்டா?” என்று கேட்டேன்.

“கோவம் இருந்திச்சு. இப்ப இல்ல. நீங்க எங்கிட்ட சொல்லிட்டுச் சொன்னீங்க. மத்தவன்னா சொல்லாமச் சொல்லிருப்பான்” என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “இஞ்ச இப்பம் கடைக்குக் கடை இதத்தான் விக்கான் மைனி. நான் வேண்டாம்னு சொன்னா, நீ அங்க போய் மாட்டிக்கிட்டு வந்த ஆளுன்னு சிரிக்கான்” என்றான்.

அவனே குனிந்து, பெட்டியிலிருந்து கம்பிகளைக் கழற்றினான். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். எட்வின் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான். தெரு திரும்பும்வரை அவன் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

நான் கிளம்பும் நாளில் கார் வந்து நின்றபோது அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “மக்ளே, நீ போன பெறவு நான் வேற பெட்டி ஒண்ணு வாங்குவேன். உன்கிட்ட மறைக்கப்பிடாதுன்னு சொல்லுதேன். நாள் முழுக்க இந்தச் சுவரப் பாத்துட்டு என்னால கெடக்க முடியாது. நீயும் இஞ்ச இருக்கப் போறதில்ல.”

 இருக்கிறேன் என்று சொன்னால்தான் அதற்குப் பதில். நான் காரில் ஏறினேன்.

போன வாரம் பணி முடிந்து வந்து, உடை மாற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் முகத்தில் டிவி வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. உற்சாகமாக இருந்தார். “புதுப்படம் மக்ளே, நம்ம முட்டத்துல எடுத்திருக்கான். நீயும் பாரு” என்று போனை டிவி பக்கம் திருப்பி, எதிலோ சாய்த்து வைத்தார். தியேட்டரில் யாரோ ஒளித்து எடுத்த படம், கொஞ்சம் சரிந்திருந்தது. அந்தச் சரிவுக்குள் பாறைகள், கலங்கரை விளக்கம், பாறையில் ஏறி உடையும் அலை. பள்ளியில் படிக்கும்போது நான் ஏறி நின்ற பாறைகள் அவை. அந்த வீட்டின் வழியாக அந்த நேரத்தில் எவன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான், எந்தப் பள்ளிக்கு எதை எழுதிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நிறுத்துங்கள் அப்பா என்று வாய்வரை வந்தது.

“தெரியுதா மக்ளே?”

“தெரியுது அப்பா. இன்னும் கொஞ்சம் பக்கத்துல வையுங்க.”

வெளியே படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ மேலே ஏறி வந்தார்கள், அவசரமில்லாமல். நான் போனை அணைக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். காலடிகள் எங்கள் கதவுக்கு நேரே வந்தன. என் சீருடைக்குள் முட்டம் கடல் இரைந்துகொண்டிருந்தது.